கட்டணம் கேட்டுப் பின்வாங்கும் முன்

பிளஸ் டூ தேர்வு முடிவு வந்ததும் நம் பங்குகளில் பல பெற்றோர் வட்டிக்குப் பணம் தேடுகிறார்கள். அன்புப் பெற்றோரே, அதற்கு முன் கல்லூரி அலுவலகத்தில் ஒன்றைக் கேளுங்கள்: இந்தப் பாடப்பிரிவு அரசு உதவி பெறுவதா, சுயநிதியா? தமிழ்நாட்டுக் கத்தோலிக்கக் கல்லூரிகள் பலவற்றில் இரண்டும் ஒரே வளாகத்தில் நடக்கின்றன. கட்டணம்தான் பெரிதும் வேறுபடும்.

பொறியியலுக்கு முதல் பட்டதாரி சலுகை 2010இல் வந்தது. குடும்பத்தில் இதுவரை எவரும் பட்டம் பெறவில்லையெனில் கல்விக் கட்டணத்தில் சலுகை உண்டு. ஆனால் கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால் மட்டுமே. இடம் போய்விடும் என்று அஞ்சி நிர்வாக ஒதுக்கீட்டில் முன்பணம் கட்டுவோர் இதை இழக்கிறார்கள். இது வருடந்தோறும் நடக்கிற வேதனை.

கல்லூரி செல்லும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022இல் அரசுப் பள்ளி மாணவியருக்காகத் தொடங்கியது. 2024இல் அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் பயின்றோருக்கும் விரிந்தது. நம் பள்ளிகளில் அநேகம் இந்த வகையே. மாணவருக்கான தமிழ்ப் புதல்வனும் அதே ஆண்டில் வந்தது.

தலித் கிறிஸ்தவர்களை 1950ஆம் ஆண்டின் ஆணை பட்டியலினத்தில் சேர்க்கவில்லை. அதனால் உதவித்தொகையே இல்லை என்று எண்ணி விண்ணப்பிக்காமல் விடுகிறார்கள். மதம் மாறிய ஆதிதிராவிடருக்கும் தமிழக அரசு தன் நிதியிலிருந்து உயர்கல்வி உதவித்தொகை வழங்கிவருகிறது. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு ஆகியவற்றை முடிவு வரும்வரை காத்திராமல் ஏப்ரலிலேயே தயார் செய்யுங்கள்.