கல்லில் பொறித்த கணக்கும் கணினித் தாளும்

வெளி மாநிலங்களில் வாழும் தமிழர்களில் கணக்கெழுதிப் பிழைப்போர் பலர். பம்பாயிலும் கல்கத்தாவிலும் பேரேட்டின் முன் அமர்ந்தோரின் பேரர்கள் இன்று கணினியில் எக்ஸெல் தாளைத் திறந்து வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கிறார்கள். இத்தாளின் சிறப்பு விரைவாகக் கூட்டுவதில் இருக்கிறது என்பது பொதுவான எண்ணம். நாம் அவ்வாறு கருதவில்லை. காரணத்தைக் காட்டத் திருப்பதி வரை சென்று வரவேண்டியிருக்கிறது.

திருமலையிலும் கீழ்த்திருப்பதியிலும் திருச்சானூரிலும் கிடைத்த கல்வெட்டுகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை. தேவஸ்தானத்தார் 1930-களில் அவற்றைப் பல தொகுதிகளாக வெளியிட்டனர். விசயநகர வேந்தர் ஆண்ட காலத்தவை உட்பட, மிகப் பெரும்பாலானவை தமிழிலேயே உள்ளன.

பதினைந்து, பதினாறாம் நூற்றாண்டுச் சாசனங்களில் பக்திப் பெருக்கை எதிர்பார்த்துப் படிப்போர் சற்று ஏமாற்றமடைவர். அங்கே இருப்பது கணக்கு. ஒருவர் இத்தனை பணம் பண்டாரத்தில் செலுத்துகிறார். அப்பணத்தைக் கோயில் கிராமங்களில் ஏரி வெட்டவும் கால்வாய் எடுக்கவும் இடுகிறார்கள். அதனால் மிகுதியாகும் விளைச்சலைக் கொண்டு நாள்தோறும் இத்தனை தளிகை அமுது படைப்பது ஏற்பாடு. அதற்கு அரிசி எவ்வளவு, நெய், பயறு, உப்பு, மிளகு, தயிர் எவ்வளவு என்றெல்லாம் சாசனம் அளந்து சொல்கிறது. எந்த அளவையால் அளப்பது என்பதிலும் ஐயம் வைக்கவில்லை. 'மலைகினிய நின்றான் கால்' என்று இறைவன் பெயரிலேயே ஒரு மரக்கால் இருந்தது. படைத்த பிரசாதத்தில் நாலில் ஒரு பங்கு கொடையளித்தவருக்கு உரியது. அப்பங்குக்குப் பெயர் 'விட்டவன் விழுக்காடு'.

நூற்றுக்கு இத்தனை என்னும் பொருளில் நாம் இன்று வழங்கும் விழுக்காடு என்னும் சொல், அன்று திருமலையில் பங்கு என்னும் பொருளில் கல்லில் நின்றது. இன்று கணினித் தாளில் விழுக்காட்டுக் குறியை இடுவோர் இதை அறிந்தால் மகிழ்வர் என்று நம்புகிறோம்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. சந்திரனும் சூரியனும் உள்ளவரை நடக்கவேண்டிய கட்டளைக்கு நாள்வாரியாகச் செலவு எழுத எந்தக் கல்லும் போதாது. ஆகவே அவர்கள் விதியை மட்டும் எழுதினர். ஒரு நாளைக்கு இவ்வளவு, திருநாளுக்கு இவ்வளவு, பங்கு இவ்வளவு என்று ஒருமுறை நிறுத்திவிட்டால், மற்றவை பெருக்கலில் வந்துவிடும். முடிவில் எழுதியவர் கையெழுத்தும் உண்டு. 'கோயில் கணக்குத் திருநின்றவூருடையான்' என்னும் பெயர் சாசனத்துக்குச் சாசனம் வருகிறது. சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் இரயில் பாதையில் உள்ள திருநின்றவூரே அப்பெயரில் விளங்கும் ஊர்.

பிற்காலத்தில் கணக்கு கல்லை விட்டுக் காகிதத்துக்கு வந்தது. 1801-இல் கிழக்கிந்தியக் கம்பெனி இப்பகுதியைக் கைக்கொண்டது. 1803-இல் சித்தூர்க் கலெக்டர் ஸ்ட்ராட்டன், கோயிலின் பூசைகள், செலவுகள், நிலங்கள் ஆகியவற்றைத் தொகுத்து வருவாய் வாரியத்துக்கு அறிக்கை அனுப்பினார். 1821-இல் புரூஸ் என்னும் அதிகாரி நிர்வாக விதிகளை வகுத்தார். கம்பெனியாருக்கு வருமானத்திலேயே கண் இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. 1843-இல் நிர்வாகம் ஹாதிராம்ஜி மடத்து மகந்துகளிடம் சென்றது.

காகிதக் கணக்கில் ஒரு தொல்லை உண்டு. ஓர் எண் மாறினால் அதைச் சார்ந்த எண்கள் அனைத்தையும் அழித்து எழுதவேண்டும். ஹார்வர்டு வணிகப் பள்ளியில் ஆசிரியர் ஒருவர் கரும்பலகையில் இப்படி அழித்து எழுதியதைக் கண்ட டான் பிரிக்லின் என்னும் மாணவர், பாப் ஃபிராங்ஸ்டனுடன் சேர்ந்து 1979-இல் விசிகால்க் என்னும் மென்பொருளை வெளியிட்டார். எக்ஸெல் 1985-இல் வந்தது. கட்டத்தில் எண்ணுக்குப் பதில் விதியை எழுதலாம். மூல எண் மாறினால் விடைகள் தாமே மாறும்.

ஆனால் கல்வெட்டில் விதி கண்முன் நின்றது. கணினித் தாளிலோ விடை தெரியும், விதி அதன் பின்னே மறைந்திருக்கும். 2010-இல் ரைன்ஹார்ட், ரோகாஃப் என்னும் பொருளியல் அறிஞர் இருவர் நாடுகளின் கடனைப் பற்றி எழுதிய கட்டுரை அரசாங்கங்களின் சிக்கன விவாதங்களில் பெரிதும் எடுத்தாளப்பட்டது. 2013-இல் மாசச்சூசெட்ஸ் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் அவர்களுடைய எக்ஸெல் தாளையே வாங்கிப் பார்த்தார். சராசரி காணும் விதி இருபது வரிசைகளில் பதினைந்தை மட்டுமே எடுத்துக்கொண்டு, ஐந்து நாடுகளை விட்டிருந்தது! கட்டுரையில் அவர் கண்ட குறைகளுள் அதுவும் ஒன்று.

அலுவலகத்தில் தாள் தயாரிக்கும் நேயர்கள் திருநின்றவூருடையானின் முறையைத் தாராளமாகக் கைக்கொள்ளலாம். வட்டி வீதமோ பங்கு வீதமோ எதுவாயினும் அதை ஒரே கட்டத்தில் எழுதி, பக்கத்துக் கட்டத்தில் அது இன்னதென்று பெயரும் எழுதவேண்டும். விதிகளில் அவ்வீதத்தின் எண்ணைத் திரும்பத் திரும்ப அடிக்காமல் அக்கட்டத்தின் முகவரியையே குறிக்கவேண்டும். முகவரியின் எழுத்துக்கும் எண்ணுக்கும் முன்னால் டாலர் குறி இட்டால், விதியை எங்கே நகலெடுத்தாலும் அது அக்கட்டத்தையே சுட்டி நிற்கும். தாளை மேலதிகாரியிடம் கொடுக்குமுன், கண்ட்ரோல் விசையுடன், எண் ஒன்றுக்கு இடப்புறம் உள்ள விசையைச் சேர்த்து ஒருமுறை அழுத்துக. விடைகள் விலகி, விதிகள் அனைத்தும் கட்டங்களில் வெளிப்படும். வரிசை ஏதேனும் விடுபட்டிருந்தால் அப்போது தெரிந்துவிடும். மீண்டும் அழுத்தினால் எண்கள் திரும்பிவரும்.