அரக்கு போன வழி

ராசிபுரத்தில் ஒரு காலத்தில் மைக் செட் நடத்திய பெரியவர் வீட்டுப் பரணில் ஒரு தகரப் பெட்டி. நிறைய 78 சுற்று இசைத்தட்டுகள். மேலாகக் கிடந்தது ‘மந்திரி குமாரி’, 1950இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த படம். அடியில் விண்டுபோன ஒன்று. உடைந்த ஓரத்தை வேட்டியில் சூடேறத் தேய்த்து முகர்ந்தேன். தபாலாபீசில் இன்ஷ்யூர் பார்சலுக்கு முத்திரை வைக்கும்போது எழுமே, அந்த வாசம். அரக்கு.

நான் எழுதுவதெல்லாம் ஜாஸ், புளூஸ் பற்றி. சேலத்தில் உட்கார்ந்துகொண்டு மிசிசிப்பிக்காரன் பாட்டோடு உனக்கென்ன ஒட்டு என்று கேட்கிறார்கள். ஒட்டு இந்த அரக்குதான்.

புரசு, இலந்தை மரக் கிளைகளில் மொய்க்கும் சின்னஞ்சிறு பூச்சி கசியவிடும் பிசின் அது. சோட்டா நாகபுரிக் காட்டுக்காரர்கள் கிளையோடு ஒடித்துச் சுரண்டி எடுப்பார்கள். மிர்சாப்பூர்ப் பட்டறைகளில் அதைக் கழுவி, நீளத் துணிப்பையில் திணித்து, நெருப்பின் முன் முறுக்கிப் பிழிவார்கள். வழிந்ததைச் சூடு ஆறுவதற்குள் கையாலும் காலாலும் பிடித்து இழுத்துத் தகடாக்க வேண்டும். அப்புறம் கல்கத்தா துறைமுகம், கப்பல். உலகத்துக்கு வேண்டிய அரக்கில் பெரும்பங்கு இந்தியாவிலிருந்தே போனது. இதை ஆராயவே 1924இல் ராஞ்சி பக்கம் நாம்கும் என்ற ஊரில் ஒரு நிலையம் தொடங்கினார்கள். (நாமக்கல் என்று அவசரத்தில் படித்து, ஒரு நாள் முழுக்கப் பெருமைப்பட்டேன்.)

தட்டில் அரக்கு கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் கல்மாவு, கறுப்பு நிறத்துக்குக் கரி. பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் பிடிக்கும். லூயி ஆம்ஸ்ட்ராங்கின் ‘வெஸ்ட் எண்ட் புளூஸ்’ (1928) அதைச் சற்றே தாண்டி முடிந்துவிடுகிறது. எவ்வளவு பெரிய துக்கமானாலும் அதற்குள் பாடிவிட வேண்டும்.

அமெரிக்காவில் விஸ்கான்சின் நாற்காலிக் கம்பெனி, பாட்டுப் பெட்டிக்கு மரக்கூடு செய்துவந்தது. பெட்டி விற்க வேண்டுமே என்று தட்டும் போட ஆரம்பித்தது. அதுதான் பாரமவுண்ட் தட்டு. கறுப்பின மக்களுக்கென்று தபாலில்கூடத் தட்டு விற்றார்கள். 1930இல் கிராஃப்டன் ஊரில் புளூஸ் பாடகர் சன் ஹவுஸ் பாடியதை இவர்கள் பதித்தார்கள். கலவையோ மட்டம். குரலுக்கு முன்னால் இரைச்சல் வந்து நிற்கும். 1932இல் ஒலிப்பதிவையே நிறுத்திவிட்டார்கள்.

மிஞ்சிய தட்டுகளுக்கும் ஆபத்து வந்தது. ஜப்பான் போருக்குள் இறங்கியதும் கப்பல் வழி சிக்கலாகி அரக்குக்குத் தட்டுப்பாடு வந்தது. 1942 ஏப்ரலில் அமெரிக்க அரசு, தட்டுக்குத் தரும் அரக்கில் எழுபது சதவீதத்தை வெட்டியது. பழைய தட்டுகளைக் காசு கொடுத்து வாங்கி, அரைத்து, உருக்கிப் புதியவை போட்டார்கள். நம் காட்டு அரக்கு கரை சேராததால் எத்தனை குரல் அந்த அரவையில் போயிற்றோ!

தப்பியதைக் காப்பாற்றியவர்கள் ரசிகர்கள். 1960களில் கெய்ல் டீன் வார்ட்லோ என்ற ரசிகர் மிசிசிப்பியில் வீடு வீடாகக் கதவைத் தட்டிப் பழந்தட்டு கேட்டார். அந்த அலைச்சலில்தான் 1934இல் இறந்த புளூஸ் பாடகர் சார்லி பேட்டனின் மரணச் சான்றிதழையும் தேடிப் பிடித்தார். வார்ட்லோவைப்போல் எழுதியவர்களால்தான் தட்டுக்குப் பின்னால் ஒரு மனிதன் இருந்ததே தெரிந்தது. பண்டிதர்கள் அப்புறம் வந்தார்கள்.

இதையெல்லாம் பெரியவரிடம் சொல்லி, போனில் சன் ஹவுஸைப் போட்டேன். தலையைச் சாய்த்துக் கடைசிவரை கேட்டார்.

“ஊசி தேஞ்சிருக்குதுங்க தம்பி. மாத்தச் சொல்லுங்க.”