மூக்கினுள் வளரும் சதையும் அதை வளர்க்கும் செய்தியும்



பீனசம் என்றதும் நம்மிற் பலர் சளி, தும்மல், ஆவி பிடித்தல் என்ற அளவிலே நின்றுவிடுகிறோம். பன்னிரண்டு வாரங்களுக்கு மேலாக மூக்கடைத்து, முகம் கனத்து, மல்லிகையின் வாசமும் மீன்குழம்பின் வாசமும் அறியாதிருப்பவரைக் கேட்டாற்றான் இழப்பின் அளவு தெரியும். அத்தகையோரிற் சிலருக்கு மூக்கினுள் திராட்சைக் குலைபோல வெளிறிய சதை வளர்ந்து தொங்கும். அச் சதையின் வரலாற்றையே இன்று கூற எண்ணுகின்றேன்.

கிரேக்கர் இதனைப் பேய்க்கணவாயின் பெயரால், 'பல காலுடையது' என்னும் பொருள்பட அழைத்தனர். கடற்பஞ்சுத் துண்டொன்றை நூலிற் கட்டி, நூலை மூக்கின் வழியே செலுத்தி, வாய்ப்புறமாக இழுத்துச் சதையைப் பெயர்த்தெடுக்கும் முறை இப்போக்கிரட்டீசின் பெயரால் வழங்கும் நூல்களிற் காணப்படுகின்றது. மயக்க மருந்து இல்லாத காலம் அது! இழுத்த வைத்தியரிலும் பார்க்க, இருந்து கொடுத்த நோயாளியே துணிவு மிக்கவர் என்பேன்.

பின்னர்க் கம்பிக் கண்ணி வந்தது; 20ஆம் நூற்றாண்டில் உள்நோக்குக் கருவியும் வந்தது. கருவி திருந்தியதேயன்றி நோய் திருந்தவில்லை. வெட்டிய சதை பலருக்கு மீண்டும் வளர்ந்தது.

இதற்கு விடை தேடும் வழி ஒரு சாயத்திலிருந்து தொடங்கியது. 1879இல் ஜேர்மானியரான போல் ஏர்லிக், இயோசின் என்னும் செஞ்சாயத்தை ஏற்றுச் சிவக்கும் மணிகளையுடைய வெண்குருதிக் கலங்களைக் கண்டு கூறினார். மூக்குச் சதையிலே இக் கலங்கள் பெருந்தொகையாய் மொய்த்திருப்பதைப் பின்வந்தோர் கண்டனர். அவற்றை அங்கே அழைத்தது எது?

வெண்குருதிக் கலங்கள் தம்முட் செய்தி பரிமாறும் புரதங்களுக்கு 1979இல் 'இன்டர்லூக்கின்' என்ற பெயர் சூட்டப்பட்டது. 1997இல் குளோசு பாகர்ட் குழுவினர் மூக்குச் சதையை ஆராய்ந்து, ஐந்தாம் இன்டர்லூக்கின் அதில் மிகுந்திருப்பதை எடுத்துக் காட்டினர். ஏர்லிக் கண்ட கலங்களை அழைப்பதும், அவை விரைவில் மடியாது காப்பதும் இச் செய்தியே. நான்காம், பதின்மூன்றாம் இன்டர்லூக்கின்களும் இதற்குத் துணை நின்று, ஒவ்வாமையையும் சளியையும் பெருக்குகின்றன. கத்தி சதையை நீக்கிற்று, அழைப்பை நீக்கவில்லை.

அந்த நான்காம், பதின்மூன்றாம் செய்திகள் கலத்திற் சேரும் வாயிலை அடைக்கும் டுபிலுமாப் என்னும் ஊசிமருந்து, மூக்குச் சதையுடன் கூடிய பீனசத்துக்கு 2019இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. சதை சுருங்கியதோடு, மணம் இழந்தோர் பலருக்கு அது திரும்பவும் கிடைத்தது.

ஆனால் எல்லா மூக்கிலும் ஒரே செய்தி ஓடுவதில்லை. பெல்ஜிய நோயாளரையும் சீன நோயாளரையும் ஒப்பிட்ட 2008ஆம் ஆண்டு ஆய்வொன்றிலே, சீனரின் சதையில் ஐந்தாம் இன்டர்லூக்கின் குறைவாகவும், வேறுவகை வெண்கலங்கள் மிகுந்தும் காணப்பட்டன. மருந்தோ விலை மிக்கது. அன்றியும், ஆறு மாதம் ஊசி போட்டு நிறுத்திய ஆய்விலே, நிறுத்தியபின் சதை மீண்டும் பெருகத் தொடங்கிற்று.