குளிருக்கு ஊர் மாறுபவர்கள்: உத்திரமேரூரும் வேடந்தாங்கலும்

அமெரிக்காவிலும் கனடாவிலும் 'ஸ்நோபேர்ட்ஸ்'னு ஒரு கூட்டம் உண்டு. தமிழ்ல சொன்னா பனிப்பறவைகள். பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள். குளிர் ஆரம்பிக்கும்போது வீட்டைப் பூட்டிட்டு, படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் மோட்டார்ஹோம் வண்டியில் தெற்கே கிளம்பிடுவாங்க. அரிசோனா பாலைவனத்தில் குவார்ட்சைட் என்று ஒரு சின்ன ஊர். நிரந்தரமா வசிப்பவர்கள் சில ஆயிரம் பேர்தான். குளிர்காலத்திலோ ஊரைச் சுற்றி கண்ணுக்கு எட்டியவரை வண்டிகள். அங்கே அரசு நிலத்தில் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை கட்டணம் கட்டித் தங்கலாம். வருகிற விருந்தாளிக்கு ஒரு இடம், ஒரு காலம், ஒரு விதிமுறை.

இதே மாதிரி ஒரு ஏற்பாடு நம்ம பக்கத்திலும் இருக்கு. ஆனா இங்கே வருவது அசல் பறவைகள். ஏற்பாட்டுக்கு வயசு 200 வருஷத்துக்கு மேல். அதைப் புரிஞ்சுக்க உத்திரமேரூரில் இருந்து ஆரம்பிக்கணும்.

ஏரிக்கு ஒரு வாரியம்

உத்திரமேரூர்னா பாடப்புத்தகத்தில் படிச்ச குடவோலை ஞாபகம் வரும். முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் அதன் விதிகளைச் சொல்கின்றன. ஊரில் 30 குடும்புகள், அதாவது 30 வார்டுகள். தகுதியானவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். வயது 35-லிருந்து 70-க்குள் இருக்கணும். சொந்த மனையில் வீடு, நிலம், வேதக் கல்வி வேணும். அப்படின்னா நிலமுள்ள பிராமண ஆண்கள் மட்டும்தான். ஊரே சேர்ந்து ஓட்டுப் போட்டதுன்னு இதை நினைச்சுடக் கூடாது.

நமக்கு இன்னைக்கு வேண்டியது அதில் இருக்கும் இன்னொரு தகவல். இப்படித் தேர்வானவர்களில் 6 பேர் ஏரி வாரியம். 360 நாள் பதவி. ஏரிக்குன்னு தனியா ஒரு கமிட்டி எதுக்கு?

இந்தப் பக்கத்தில் ஆண்டு முழுக்க ஓடும் ஆறு கிடையாது. பாலாறும் செய்யாறும் பெரும்பாலான மாதங்கள் வெறும் மணல். அக்டோபரில் இருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை கொட்டும். அதைக் கரை கட்டித் தேக்கினால்தான் நெல்லு. அதனால கரையைப் பார்க்கணும், வண்டலை அள்ளணும், மதகைக் காக்கணும். காஞ்சிபுரம், செங்கல்பட்டு வட்டாரத்தை ஏரி மாவட்டம்னு சொல்றது சும்மா இல்லை. இந்த ஏரிகள் நிறையும் நேரமும் வடக்கே குளிர் தொடங்கும் நேரமும் ஒண்ணு. தண்ணீர் இருக்கும் இடத்தில் மீன், நத்தை, தவளை. பறவைகளுக்கு வேற என்ன வேணும்?

வேடனின் தாங்கல்

உத்திரமேரூரில் இருந்து சுமார் 20 கிலோமீட்டரில் வேடந்தாங்கல். 2019-ல் மாவட்டம் பிரிந்த பிறகு செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கு. தாங்கல் என்றால் இந்தப் பக்கம் சின்ன ஏரி. பேரிலேயே வேடன் இருக்கான். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் இங்கே பறவைகளைச் சுட்டார்கள். ஊர்க்காரர்கள் செங்கல்பட்டு கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள். அப்போது கலெக்டர் லயனல் பிளேஸ். மதுராந்தகம் ஏரி உடையாமல் ராமர் காத்தார் என்ற கதையில் வருகிற அதே பிளேஸ் துரைதான். 1798 வாக்கில், பறவைகளைக் காக்கும் உரிமை ஊருக்கே என்று அவர் எழுதிக் கொடுத்தார். 1858-ல் ஊர்க்காரர்கள் மறுபடியும் கேட்டு அந்த உரிமையைப் புதுப்பித்துக் கொண்டார்கள். உலகின் முதல் தேசியப் பூங்காவான யெல்லோஸ்டோன் வந்தது 1872-ல்தான்!

இதுக்குப் பின்னாடி பாசம் மட்டும்தான் காரணம்னு சொல்ல முடியாது. கணக்கும் இருக்கு. நீர்க்கடம்பு மரங்களில் ஆயிரக்கணக்கில் பறவைகள் கூடு கட்டும்போது எச்சம் முழுக்க தண்ணீரில் விழும். அதில் தழைச்சத்தும் மணிச்சத்தும் இருக்கு. மதகு வழியா வயலுக்குப் போகும் தண்ணீரே உரம். பறவையைச் சுட்டால் நஷ்டம் விவசாயிக்கு. இதைத்தான் கலெக்டருக்குப் புரிய வச்சாங்க.

யார் வெளியூர்?

வேடந்தாங்கலுக்கு வரும் எல்லாமே சைபீரியாவில் இருந்து வருதுன்னு ஒரு நம்பிக்கை உண்டு. அங்கே கூடு கட்டுகிற நத்தைகொத்தி நாரை, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், கூழைக்கடா, பாம்புத்தாரா எல்லாம் இந்தியாவிலேயே வாழும் பறவைகள். மழையும் தண்ணீரும் பார்த்து இடம் மாறும். குளிருக்குப் பயந்து ஐரோப்பா, வட ஆசியாவில் இருந்து வருவது நீலச்சிறகி, ஊசிவால் வாத்து மாதிரியான வாத்துகள். அவை இங்கே கூடு கட்டாது. சாப்பிட்டு, உடம்பைத் தேற்றிக்கிட்டு, வெயில் ஏறும்போது திரும்பிடும். குவார்ட்சைட் தாத்தா பாட்டிகளுக்கு நெருங்கிய சொந்தம் இவைதான்.

5 கிலோமீட்டர்

1998-ல் இது சரணாலயமாக அறிவிக்கப்பட்டபோது ஏரியோடு சேர்த்து அதைச் சுற்றி 5 கிலோமீட்டர் தூரமும் உள்ளே வந்தது. ஏரியோ சுமார் 30 ஹெக்டேர்தான். அப்புறம் ஏன் இவ்வளவு பெரிய வட்டம்? பறவை தூங்குவதும் குஞ்சு பொரிப்பதும் வேடந்தாங்கலில். இரை தேடுவது சுற்றியிருக்கும் ஏரிகளிலும் நெல்வயல்களிலும். படுக்கையறையை மட்டும் காப்பாத்திட்டு சமையலறையை விட்டுட முடியாது.

2020-ல் இந்த 5 கிலோமீட்டரை 3 ஆகக் குறைக்க ஒரு முன்மொழிவு வந்தது. தொழிற்சாலைகளுக்கு வழிவிடத்தான் இது என்று எதிர்ப்பு கிளம்பியது. பிறகு அது கைவிடப்பட்டது. 2022-ல் வேடந்தாங்கலும் பக்கத்தில் இருக்கும் கரிக்கிலியும் ராம்சர் ஈரநிலங்கள் ஆயின.

ஆனா சட்டப் பலகையை மட்டும் நம்பிப் பறவை வராது. வரத்துக் கால்வாய் அடைபட்டு, ஏரிப் பட்டா போட்டு, வயலில் மருந்து கூடினால் அது வேற ஊர் பார்த்துப் போயிடும். அன்னைக்கு ஆறு பேர் ஏரிக்குக் கணக்குக் கொடுத்தாங்க. இன்னைக்கு உங்க ஊர் ஏரிக்குக் கணக்குக் கொடுப்பது யாருன்னு அடுத்த கிராம சபையில் கேட்டுப் பாருங்க. டிசம்பர், ஜனவரியில் வேடந்தாங்கல் போனால் பைனாகுலர் எடுத்துக்கோங்க, ஸ்பீக்கரை வீட்டிலேயே வச்சிடுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.