வீட்டில் பயிலும் மாணவர்களும் மலாக்கா வரலாற்றுப் புதிரும்



எங்கள் குடியிருப்பில் பள்ளிக்குச் செல்லாமல் வீட்டிலேயே பயிலும் பிள்ளைகள் ஐவர் உள்ளனர். (மலேசியாவில் 2003 முதல் தொடக்கக் கல்வி கட்டாயம் ஆதலால், உரிய விலக்குப் பெற்றே பெற்றோர் இவ்வாறு கற்பிக்கின்றனர்.) அவர்களுக்காக வரலாற்று மீள்பார்வைப் புதிர் விளையாட்டு ஒன்று நடைபெறவிருக்கிறது. சனிக்கிழமைதோறும் பயிற்சியளிக்கும் பொறுப்பை ஏற்றுள்ளேன். பாடப்பகுதி, மலாக்கா சுல்தானகம்.

ஆண்டுகளை ஒப்புவிப்பதில் இப்பிள்ளைகள் வல்லவர்கள். 1511 என்றால் போர்த்துகீசியர் எனப் பாய்ந்து பதில் வரும். அதற்கு ஈராண்டுகளுக்கு முன் 1509-இல் என்ன நடந்தது எனக் கேட்டால் அமைதிதான்! ஆகவே புள்ளிமுறையை மாற்றினேன். ஆண்டைச் சரியாகச் சொன்னால் ஒரு புள்ளி, காரணம் சொன்னால் இரண்டு, "இதை யார் எழுதி வைத்தார்?" என்பதற்கு விடை சொன்னால் மூன்று.

முதல் அட்டையிலேயே வழக்கு எழுந்தது. மலாக்கா எப்போது தோன்றியது? பாடநூல்கள் 1400 என்கின்றன. 2010-ஆம் ஆண்டில் மலாக்கா மாநில அரசு, செஜாரா மெலாயுவை அடிப்படையாகக் கொண்ட ஆய்வைச் சுட்டி 1262 என அறிவித்தது. ஒரு பிள்ளையின் தாயார், "ஐயா, இரண்டையும் சொன்னால் குழம்பிவிடுவார்களே" என்று கவலைப்பட்டார். நியாயமான கவலைதான். ஆயினும் நான் மறைக்கவில்லை. மிங் பேரரசர் யொங்லே 1403-இல் தம் தூதரை மலாக்காவுக்கு அனுப்பியதைச் சீனக் குறிப்புகள் கூறுகின்றன என்று மட்டும் சொன்னேன். சற்றே யோசித்த பன்னிரண்டு வயதுச் சிறுமி, "அப்படியானால் 1403-க்கு முன்பே அங்கே ஓர் ஊர் இருந்திருக்க வேண்டும்" என்றாள். அவளுக்கு மூன்று புள்ளிகளையும் மகிழ்ச்சியோடு அளித்தேன். போட்டியில் கேட்டால் 1400 என எழுதுமாறும் சொல்லி வைத்துள்ளேன்.

நான்கு ஷாபண்டார்கள் பகுதிதான் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது. துறைமுகத்திற்கு வரும் வணிகர்களைக் கவனிக்க நால்வர் இருந்தனர் என்பதை 1512 முதல் 1515 வரை மலாக்காவில் வாழ்ந்த தோமே பிரேஸ் எழுதியுள்ளார். குஜராத்தியருக்கு ஒருவர், சோழமண்டலக் கரை, வங்கம், பெகு, பாசாய் வணிகருக்கு ஒருவர், ஜாவா முதலிய தீவுகளுக்கு ஒருவர், சீனம், சம்பா, ரியூக்யூ வணிகருக்கு ஒருவர். நால்வரையும் கூடத்தின் நான்கு மூலைகளில் நிறுத்தினேன். ஐந்தாமவன் காற்று! அவன் தென்மேற்கிலிருந்து வீசினால் இந்தியக் கப்பல்கள் வரலாம். வடகிழக்கிலிருந்து வீசினால் சீனக் கப்பல்கள். காற்று மாறும்வரை வணிகர்கள் காத்திருந்தாக வேண்டும். கிடங்கு, தங்குமிடம், பல மொழிப் பேச்சு எல்லாம் அந்தக் காத்திருப்பினால் வளர்ந்தவை. பாடநூலில் இரண்டு வரியில் முடியும் செய்தி இது. நாங்கள் ஒரு மணி நேரம் விளையாடினோம்.

அடுத்து வந்தது சிக்கலான அட்டை. பெண்டஹாரா துன் முத்தாஹிர் தமிழ் முஸ்லிம் வழிவந்தவர். 1510-இல் சுல்தான் மஹ்மூத் ஷாவின் ஆணையால் கொல்லப்பட்டார். தமிழ் இந்து வணிகரான நினா சத்துவோ, 1509-இல் வந்து சிறைப்பட்ட போர்த்துகீசியருக்கு உதவினார். 1511-இல் அல்புகெர்க் மலாக்காவைக் கைப்பற்றிய பின் பெண்டஹாரா ஆக்கப்பட்டார். 1514-இல் பதவி பறிக்கப்பட்டது. "நம்மவர் துரோகியா, சார்?" என்று ஒருவன் கேட்டான். மற்றொருவன், "சிறையில் இருந்தவனுக்கு உதவியது தப்பா?" என எதிர்வாதம் செய்தான்.

ஆம், இல்லை என்று விடை கோரும் அட்டையாக அதனை வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. சுல்தானின் அவையைச் சார்ந்திருந்தோர், குஜராத்தியர், தமிழ் இந்து வணிகர் ஆகியோரின் நலன்கள் ஒன்றல்ல என்பதை முதலில் விளக்கினேன். பின்னர், நினா சத்துவைப் பற்றிய செய்திகள் பெரும்பாலும் போர்த்துகீசியர் எழுதியவை என்பதையும் சொன்னேன். கேள்வி கேட்டவன் உடனே, "அப்படியென்றால் சுல்தான் பக்கத்து ஆள் எழுதியிருந்தால் வேறு மாதிரி இருக்குமே!" என்றான். இந்த அட்டைக்கு ஆண்டும் காரணமும் மட்டுமே கேட்கப்படும். தீர்ப்புக்குப் புள்ளி இல்லை.

இதுவரை 36 அட்டைகள் ஆயின. பழைய நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் எழுதி, கொடியில் துணிக் கவ்விகளால் மாட்டியிருக்கிறோம். வரும் சனிக்கிழமை 1641-ஆம் ஆண்டு டச்சுக்காரர் வருகையிலிருந்து தொடங்குவோம். தங்கள் மாணவர்களுக்கு இவ்விளையாட்டை நடத்த விரும்பும் ஆசிரியர்கள், பிள்ளைகள் ஐவருக்கு மேல் இருந்தால் காற்றுக்கு இருவரை நிறுத்தலாம்.