மண்ணெண்ணெய்க் காலத்து மொறிஸ் மைனர்

யாழ்ப்பாணத்தில் கார் என்றால் ஒரு காலத்தில் இரண்டு குடும்பங்கள்தான். ஒன்று ஒஸ்ரின், மற்றது மொறிஸ். சோமசெற், கேம்பிரிட்ஜ், மைனர், ஒக்ஸ்போட் என்று அவற்றின் பிள்ளைகளின் பெயர்கள் எமது சனத்துக்கு ஊர்ப்பெயர்கள் போலப் பழகியிருந்தன. கலியாணத்துக்கும், செத்தவீட்டுக்கும், நடுச்சாமத்தில் ஆஸ்பத்திரிக்கும் ஓடியவை இவைதான். இவற்றைப் பற்றி நம்மவர் பேசும்போது பெருமூச்சுத்தான் வருகிறது, வரலாறு வருவதில்லை. இந்தக் கார்கள் எப்படிச் சாகாமல் இருந்தன, அவற்றைத் திருத்த வெளிக்கிடுகிறவர்கள் உண்மையில் எதைத் திருத்துகிறார்கள் என்பதையே இங்கு பார்க்க முயல்கிறோம்.

இதை எழுதுகிற நாம் ராஸ் அல் கைமாவில் ஒரு ரெஸ்ரோறன்ரின் குசினியில் நிற்பவர்கள். அகதி என்று எங்கும் பதியப்பட்டவர்கள் அல்லர். 1951ஆம் ஆண்டின் அகதிகள் சாசனத்தில் ஐக்கிய அரபு அமீரகம் சேரவில்லை. ஆகவே இங்கே எம்மைப் போன்றவர்களுக்கு இருக்கிற பெயர் வேலையாள். இருக்கிற காகிதம் வேலை விசா. பல்கலைக்கழகத்தை இடையில் விட்டுவிட்டு வந்த கதையை விசாவில் எழுத இடமில்லை. எம்மோடு ஒரே அறையில் இருக்கிற ஒருவருக்கு ஊரில் தகப்பனாரின் மொறிஸ் மைனர் ஒன்று கொட்டிலுக்குள் நிற்கிறது. அதை எழுப்பி ஓடவைக்க வேண்டும் என்று அவர் தொடங்கிய வேலை, மூன்று வருடமாக எங்கள் எல்லாருடைய வேலையாகவும் ஆகிவிட்டது.

முதலில் அந்தக் கார் வந்த வழியைச் சொல்ல வேண்டும். மொறிஸ் மைனரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். 1906இல் சிமிர்னாவில் பிறந்தவர். இன்று துருக்கியின் இஸ்மீர் என்று அழைக்கப்படும் துறைமுக நகரம் அது. 1922இல் துருக்கியப் படைகள் நகரைக் கைப்பற்றி, நகரம் தீயில் எரிந்த நாட்களில், பிரித்தானியக் குடியுரிமை இருந்தபடியால் அவருடைய குடும்பம் கப்பலில் மால்ராவுக்கு ஏற்றப்பட்டது. தகப்பன் மால்ராவிலேயே இறந்துபோனார். தாயும் மகனும் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார்கள. லண்டனில் பற்றர்சீ பொலிரெக்னிக்கில் பொறியியல் படித்தபோது கணிதத்தில் மூன்று முறை தவறினார். இந்த மனிதர்தான் பின்னர் மைனரையும், 1959இல் மினியையும் உலகத்துக்குக் கொடுத்தார். எரிந்த நகரம் ஒன்றிலிருந்து கப்பலேறிய ஒரு பையனின் கை அந்தக் காரில் இருக்கிறது என்பது, அதை வளவுக்குள் வைத்திருந்த நமது ஆட்களில் அநேகருக்குத் தெரியாது.

1948 ஒக்ரோபரில் லண்டன் ஏர்ள்ஸ் கோட் கண்காட்சியில் மைனர் அறிமுகமானது. அதற்குக் கொஞ்சம் முன்னர் இசிகோனிசுக்குக் காரின் அகலத்தில் திருப்தி வரவில்லை. மாதிரிக் காரை நெடுக்காக இரண்டாக வெட்டி, பாதிகளை நகர்த்திப் பார்த்து, நான்கு அங்குலம் அகட்டினார்கள். ஆனால் பம்பர்கள் ஏற்கனவே செய்து முடிந்திருந்தன. ஆகவே அவற்றை நடுவில் அறுத்து, இடையில் ஒரு துண்டு வைத்துப் பொருத்தி விற்றார்கள். முதல் மைனர்கள் ஒட்டுப்போட்ட பம்பரோடுதான் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தன. இதை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்திருக்க வேண்டும்; பின்னர் தேவைப்படும். பத்து இலட்சம் என்ற எண்ணிக்கையை எட்டிய முதல் பிரித்தானியக் கார் இதுவே. 1971இல் உற்பத்தி முடிந்தபோது பதினாறு இலட்சம் வரையில் செய்யப்பட்டிருந்தது.

இலங்கையில் இந்தக் கார்கள் நின்று நிலைத்ததற்குக் காரணம் அன்பு அல்ல, அந்நியச் செலாவணி. 1960களின் தொடக்கத்திலிருந்து கார் இறக்குமதி இறுக்கப்பட்டது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும்வரை, இருக்கிற காரை வைத்தே காலத்தை ஓட்ட வேண்டியிருந்தது. கராஜ்காரர் புதுச் சாமானை எதிர்பார்த்து வேலை பழகவில்லை. தேய்ந்ததை லேத்தில் கடைந்து, உடைந்ததை ஒட்டி, ஒரு காரின் உறுப்பை இன்னொன்றுக்குப் பொருத்திப் பழகினார்கள். பின்னால் வந்த காலத்துக்கு அது ஒரு பயிற்சிக்களமாக அமைந்துவிட்டது எனலாம்.

1990 ஆனியில் யுத்தம் திரும்பவும் தொடங்கியது. பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, உதிரிப்பாகங்கள் இல்லை. மண்ணெண்ணெய் மட்டும் கட்டுப்பாட்டோடும் கொள்ளை விலையிலும் வந்தது. அப்போதுதான் யாழ்ப்பாணத்தின் பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடத் தொடங்கின. இதை ஒரு மாயவித்தை போல இன்றும் கதைப்பார்கள். மாயம் ஒன்றுமில்லை. மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் ஆவியாகாது. சூடேறிய எஞ்சினில் ஆவியாகும். ஆகவே ஒரு சின்னப் போத்தலில் வைத்திருக்கும் பெற்றோலைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சுட்டதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. தளர்ந்த பற்றரியை நம்பாமல், மைனரின் முன்பக்க ஓட்டைக்குள் கைபிடியைச் செருகிச் சுழற்றுவது. அழுத்த விகிதம் கூடிய எஞ்சினில் மண்ணெண்ணெய் முட்டி இடிக்கும். அந்தக் காலத்துப் பிரித்தானிய எஞ்சின்களில் அழுத்தம் குறைவு. அதனால்தான் அவை தாங்கின. புதிய ஜப்பான் கார்கள் முழங்காலில் விழுந்த இடத்தில் கிழட்டுக் கார்கள் எழுந்து நின்றதன் இரகசியம் இதுதான்.

இந்த அறிவு உலகத்துக்குப் புதிதுமல்ல. 1946 தொடக்கம் 1956 வரை இங்கிலாந்தின் கொவென்றியில் செய்யப்பட்ட பேர்குசன் உழவு இயந்திரங்களில் ஒரு வகை, பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெயை ஒத்த மலிவான எரிபொருளுக்கு மாறும்படியே தொழிற்சாலையில் அமைக்கப்பட்டிருந்தது. அங்கே அதைப் பொறியியலாளர் வரைபடம் போட்டுச் செய்தார்கள். நமது கராஜ்களில் அதே காரியத்தைச் செய்தவர்களுக்கு வரைபடமும் இல்லை, பட்டமும் இல்லை. எரியாத மண்ணெண்ணெய் கீழே வடிந்து எஞ்சின் ஒயிலைத் தண்ணீராக்கும் என்பதையும், ஒயிலை அடிக்கடி மாற்றாவிட்டால் பெயறிங் போய்விடும் என்பதையும், மாற்ற ஒயில் இல்லாத ஊரில் இருந்துகொண்டு கண்டுபிடித்தவர்கள் அவர்கள்.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்த இரவை இந்தப் பக்கங்களை வாசிக்கிறவர்களுக்குப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. மண்ணெண்ணெய் வைத்திருந்தவர்களின் கார்களில் கிழடுகளும் வருத்தக்காரரும் பிள்ளைத்தாய்ச்சிகளும் போனார்கள். சனநெரிசலுக்குள் கார் நடக்கிறவனை விட மெதுவாகத்தான் போனது. வைத்திருக்காதவர்களின் கார்கள் கொட்டிலுக்குள் நின்றன. எங்கள் அறைத்தோழரின் தகப்பனாருடைய மைனரும் அப்படி நின்றதுதான். 1996இல் திரும்பிப் போனபோது சில்லுகள் இல்லை, எஞ்சின் இருந்தது. வன்னியில் நின்ற வாகனங்களுக்கு அந்தப் பாக்கியமும் இல்லை. 2009க்குப் பிறகு புதுக்குடியிருப்பிலிருந்து முள்ளிவாய்க்கால் வரை குவிந்து துருப்பிடித்துக் கிடந்த வாகனங்களை யாரும் திருத்தப் போவதில்லை.

இனி ராஸ் அல் கைமாவுக்கு வருவோம். வளைகுடாவில் பழைய கார் என்பது பெரிய இடத்து விசயம். ஷார்ஜாவில் 2008இல் திறக்கப்பட்ட பழைய கார்களுக்கான அரும்பொருட்காட்சியகம் இருக்கிறது. அபுதாபியின் ஷேக் ஹமத் பின் ஹம்தான் அல் நஹ்யான் நூற்றுக்கணக்கில் வாகனங்களைச் சேர்த்துப் பெயர் பெற்றவர். கண்ணாடி போல மினுங்கும் அந்தக் கார்களைத் தொட முடியாது. எங்கள் திருத்தவேலை நடக்கும் விதம் வேறு. கார் ஊரில்; நாங்கள் இங்கே. லேத்தில் நிற்கிற மலையாளி அண்ணன் ஒருவர், ஓய்வு நேரத்தில் முன்சில்லின் திருகாணிப் பூட்டைக் கடைந்து தந்தார். மைனரின் பெரிய பலவீனம் அந்தப் பூட்டு. கிறீஸ் போடாமல் விட்டால் ஒருநாள் சில்லு மடிந்து கார் குப்புற விழும். தடைக்காலத்தில் கிறீஸ் எங்கே இருந்தது? பெஷாவர்க்காரர் ஒருவர் கதவுத் தகட்டை எப்படித் தட்டி நிமிர்த்துவது என்று எமது ரெலிபோனைப் பார்த்தபடி ஊரிலுள்ள பையனுக்குக் கையால் காட்டிக் கொடுத்தார். இருவருக்கும் பொதுவான மொழி கிடையாது. இங்கிலாந்தில் மைனர் வைத்திருக்கிற கிழவர்கள், ஒருநாளும் கண்டிராத எங்களுக்கு, கார்புரேற்றர் ஊசியின் இலக்கத்தை எழுதி அனுப்பினார்கள். லீவில் போகிற ஒவ்வொருவரின் சூட்கேசிலும் பால்மா ரின்களுக்கிடையே ஒரு இரும்புத்துண்டு போனது.

அந்த இங்கிலாந்துக்காரரிடமிருந்துதான் இன்னொரு சங்கதியும் அறிந்தோம். பாத் நகரில் மொறிஸ் மைனருக்கென்றே நிலையம் நடத்திய சாள்ஸ் வெயர் என்பவர், ஒரு காரை எறியாமல் காலம் முழுவதும் திருத்தித் திருத்தி ஓடலாம் என்ற கொள்கையைப் புத்தகமாகவே எழுதியவர். 1990களில் அவருடைய முயற்சியில் மைனரின் தகட்டுப் பாகங்கள் தென்னிலங்கையில் செய்யப்பட்டு இங்கிலாந்துக்குப் போயின. அதே தசாப்தத்தில், அதே தீவின் வடமுனையில், அதே காருக்கு ஒரு பிளக் கொண்டுபோனால் தடைப்பொருள். இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

எஞ்சினைக் கழற்றிய அன்று இரண்டு விசயங்கள் வெளியே வந்தன. அழுத்தத்தைக் குறைக்க ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த இரண்டு ஹெட் கஸ்கற்றுகள். மண்ணெண்ணெய்ப் போத்தலைக் கொழுவுவதற்கு எஞ்சினுக்கு மேலே ஒட்டிய ஒரு இரும்புக் கொழுக்கி. அடித்தட்டிலோ தார்ப் பீப்பாவின் தகரம் வெட்டி ஒட்டப்பட்டிருந்தது. இந்த நேரத்தில் கொழும்பிலிருந்து ஒருவர் காரைக் கேட்டு வந்தார். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பின் பழைய கார்களுக்கும் விலை ஏறியிருந்தது. நல்ல விலை சொன்னார். ஒரு நிபந்தனை: கொழுக்கியும் தகரமும் போக வேண்டும், தொழிற்சாலையிலிருந்து வந்த மாதிரியே இருக்க வேண்டும். தோழருக்குக் கடன் இருக்கிறது. தங்கச்சியின் படிப்பு இருக்கிறது. எங்கள் அறையில் பல இரவுகள் இதே கதைதான்.

தொழிற்சாலையிலிருந்து வந்த மாதிரி என்றால் என்ன? ஒட்டுப்போட்ட பம்பரோடு வந்த கார் அல்லவா இது? பழைய வாகனங்களுக்கான சர்வதேசச் சம்மேளனம் 2012இல் தூரின் சாசனம் என்று ஒன்றை உருவாக்கியது. பழைய கட்டடங்களைப் பேணுவது பற்றிய 1964ஆம் ஆண்டு வெனிஸ் சாசனத்தின் வழியில் எழுதப்பட்டது அது. ஒரு வாகனம் ஓடிய காலத்தில் அதில் நடந்த மாற்றங்களும் அதன் வரலாறுதான், அவற்றை அழித்துவிடக் கூடாது, புதிதாகச் சேர்ப்பதை அடையாளம் தெரியும்படி சேர்க்க வேண்டும் என்பது அதன் சாரம். பணக்காரரின் சங்கம் எழுதிய இந்தச் சாசனம், யாழ்ப்பாணத்துக் கொட்டிலில் நிற்கிற காருக்குத்தான் மிகவும் பொருந்துகிறது. எரிந்த யாழ் நூலகத்தை வெள்ளையடித்துத் திறப்பதா, எரிந்த சுவரை நினைவாக விடுவதா என்று நமக்குள் நடந்த வாதமும் இதே வாதம்தான். நாங்கள் வேலை செய்யும் இடத்துக்குப் பக்கத்தில் ஜசீரத் அல் ஹம்ரா என்ற முத்துக்குளிப்போரின் கிராமம் 1960களின் முடிவில் கைவிடப்பட்டுக் கிடக்கிறது. அதன் பவளக்கல் வீடுகளை இப்போது திருத்துகிறார்கள். எதை விடுவது, எதைக் கட்டுவது என்ற கேள்வி அங்கேயும் உண்டு.

இலக்கத் தகடு பற்றியும் சண்டை வந்தது. 1957இல் வாகனத் தகடுகளில் சிங்களச் 'சிறீ' வந்தது. 1958இல் வடகிழக்கில் அதற்குத் தார் பூசித் தமிழ் எழுத்தைப் போட்டார்கள். தெற்கில் தமிழ்ப் பெயர்ப் பலகைகளுக்குத் தார் பூசினார்கள். அந்த வைகாசியில் இனக்கலவரம். இந்த மைனர் பதியப்பட்டது அந்த வருடம். தமிழ் எழுத்தில் புதுத் தகடு அடித்துப் போடுவோம் என்றார் தோழர். ரெலிபோனில் தகப்பனார் சொன்னது இவ்வளவுதான்: "தம்பி, அந்த எழுத்தோடதான் நான் அறுபது வருசம் ஓடினனான். அதை மாத்தினா ஆர் நம்புவான்?"

தகடு அப்படியே நிற்கிறது. பீப்பாத் தகரம் துருவில் ஓட்டையாகிப் போனபடியால், காலை வைத்தால் உள்ளே போகும் என்று வெட்டியெடுக்கத்தான் வேண்டியிருந்தது. அதைக் கொட்டில் சுவரில் ஆணியடித்து, எந்த வருடம் யார் ஒட்டியது என்று ஐயாவிடம் கேட்டு எழுதி வைத்தோம். கொழுக்கி எஞ்சினுக்கு மேலே இருக்கிறது. கொழும்புக்காரருக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. கடன் இருக்கிறபடியால், விற்க வேண்டி வந்தாலும் வரும். வந்தால், காரோடு ஒரு கொப்பியும் போகும்: எந்த வருடம் எது உடைந்தது, எதனால் ஒட்டினார்கள், என்ன விலைக்கு மண்ணெண்ணெய் வாங்கினார்கள் என்ற விபரம்.

அந்தக் கராஜ்களில் வேலை செய்தவர்கள் இன்று ரொறன்ரோவிலும் பாரிசிலும் ஒஸ்லோவிலும் இருக்கிறார்கள். சிலர் காலமாகிவிட்டார்கள். இருக்கிறவர்கள் எழுத வேண்டும். எழுத வராதென்றால், பிள்ளைகளுக்குச் சொல்லி எழுதுவிக்க வேண்டும். இசிகோனிசைப் பற்றிப் புத்தகங்கள் இருக்கின்றன. அவருடைய காரை மண்ணெண்ணெயில் ஓடவைத்தவர்களைப் பற்றி இதுவரை எம்மிடம் இருப்பது ஒரு கொப்பிதான்.