கோணலாற்று மீனும் கம்மாய் மீனும்

வால்பாறையிலிருந்து அக்காமலைத் தேயிலையைத் தாண்டி மேலே ஏறினால் புல்மலை. கிராஸ் ஹில்ஸ் என்று சொன்னால்தான் இன்று பலருக்கும் தெரியும். கடல்மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கும் மேலே, பள்ளமெல்லாம் சோலையும் மேடெல்லாம் புல்லுமாகக் கிடக்கும் அந்தப் பரப்பில் கோணலாறு ஓடுகிறது. அதன் கரையில் தோட்டத் துரைமார் கட்டிய மீன்பிடிக் குடில் ஒன்று உண்டு. அந்த ஆற்றில் அவர்கள் விட்ட மீன் ட்ரவுட். சால்மன் குடும்பத்தைச் சேர்ந்தது. இந்த மலைக்கும் அதற்கும் முன்பின் உறவு கிடையாது.

அந்த மீனை இவ்வளவு தூரம் கொண்டுவந்து சேர்க்கும் அளவுக்கு அவர்களுக்கு அதன்மேல் என்ன பிடிப்பு என்று எனக்கு வெகுகாலம் புரியவில்லை. ஸ்காட்லாந்தின் டே ஆற்றைப் பற்றி வாசித்த பிறகுதான் புரிந்தது. அங்கே சால்மன் பருவம் ஆண்டுதோறும் ஜனவரி 15 அன்று திறக்கிறது. கடுங்குளிரில் ஊர் கூடுகிறது. பைக் குழல் முன்னே முழங்க எல்லோரும் ஆற்றுக்கு நடக்கிறார்கள். அந்த ஆண்டின் முதல் படகின்மேல் விஸ்கி ஊற்றி வாழ்த்துகிறார்கள். அதற்குப் பிறகுதான் முதல் தூண்டில் தண்ணீரில் விழும். அக்டோபர் 15 அன்று ஆறு மறுபடி மூடப்படும். மூன்று மாதம் யாரும் தொடாமல் இருந்ததால்தான் நான்காம் மாதம் கொண்டாட்டம். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்துப் பெனாப்ஸ்காட் ஆற்றில், பருவத்தின் முதல் சால்மனை நாட்டின் அதிபருக்கு அனுப்பும் வழக்கம் 1912இல் தொடங்கிப் பல பத்தாண்டுகள் நடந்தது. முதல் மீனுக்கு அவ்வளவு மரியாதை.

இப்படி வளர்ந்தவர்கள் நம் மலைகளுக்கு வந்தபோது அந்த ஏக்கத்தையும் கூடவே கொண்டுவந்தார்கள். மதராஸ் ராணுவத்தில் மருத்துவராக இருந்த பிரான்சிஸ் டே 1860களில் நீலகிரிக்கு ட்ரவுட் கொண்டுவர முயன்றார். அது கைகூடவில்லை. குளிர்ந்து ஓடும் நீரில்லாமல் ட்ரவுட் பிழைக்காது. நீண்ட கப்பல் பயணத்தை வெப்பக் கடலில் தாண்டியாக வேண்டும். ஆனாலும் விடவில்லை. 1907இல் அவலாஞ்சியில் மீன்குஞ்சுப் பொரிப்பகம் வந்தது. எச்.சி. வில்சன் என்ற மீன்வள அதிகாரியின் உழைப்பில் வானவில் ட்ரவுட் நீலகிரி ஓடைகளில் நிலைத்தது. அதற்கும் முன்பே, 1879இல், நீலகிரியின் வேட்டை விலங்குகளையும் மீன்களையும் காக்க மதராஸ் அரசு தனிச் சட்டம் போட்டிருந்தது. ட்ரவுட் வந்து நிலைக்கும் முன்பே அந்த மலைக்கு மீன் காக்கும் சட்டம் வந்துவிட்டது.

ஆனைமலையின் இந்தப் பக்கம் தோட்டங்கள் பிந்தித்தான் வந்தன. 1890களில் கார்வர் மார்ஷ், காங்கிரீவ் போன்றவர்கள் காட்டைத் திறந்தார்கள். காட்டைத் திறந்த கைகள் யாருடையவை என்பதை பி.எச். டேனியல் 'ரெட் டீ' நாவலில் எழுதி வைத்தார். 'எரியும் பனிக்காடு' என்று தமிழில் வந்ததும் அதுதான். எங்கள் தாத்தா அப்படிக் கங்காணி கையில் முன்பணம் வாங்கிக்கொண்டு மேலூர்ப் பக்கமிருந்து மலையேறியவர். அப்பா இங்கேயே லைன் வீட்டில் பிறந்தவர். வாலிபத்தில் துரைமார் புல்மலைக்கு மீன் பிடிக்கப் போகும்போது அரிசி, ரொட்டி, கம்பளி, மண்ணெண்ணெய் எல்லாம் தலைச்சுமையாகக் கொண்டுபோனவர்களில் அவரும் ஒருவர். தூண்டிலில் மாட்டிய மீன் சின்னதாக இருந்தால் துரை அதை மெல்லக் கழற்றித் தண்ணீரிலேயே விட்டதை அப்பா வியப்போடு சொல்வார். "கையில கெடச்ச மீனை ஆத்துல விடுறவனை அன்னிக்குத்தான் பாத்தேன். ஆனா அது தொரை மீனு. நமக்கு அதுல ஒரு முள்ளுகூடக் கெடையாது" என்பார்.

தாத்தாவுக்கு இதில் வியப்பே இல்லை. காத்திருந்து பிடிப்பது அவருக்குப் பழகிய விஷயம். மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைச் சீமைகளில் இன்றைக்கும் மீன்பிடித் திருவிழா நடக்கிறது. அறுவடை முடிந்து, கோடையில் கம்மாய்த் தண்ணீர் முழங்காலளவுக்கு வற்றும்வரை ஒருவரும் வலை போடமாட்டார்கள். நாள் குறித்ததும் சுற்றுப்பட்டி ஊர்களுக்கெல்லாம் சேதி போகும். விடிவதற்கு முன்பே கரை நிறைந்துவிடும். ஊர்ப் பெரியவர் சாமி கும்பிட்டு வெள்ளைத் துண்டை வீசுவார். அடுத்த நொடி அத்தனை பேரும் கம்மாய்க்குள் இறங்குவார்கள். வலை, கச்சா, பரி, ஊத்தா என்று கைக்குக் கிடைத்ததெல்லாம் ஆயுதம். ஊத்தா என்பது மேலும் கீழும் திறந்த மூங்கில் கூடை. சேற்றில் அழுத்தி, மேல்வாய் வழியாகக் கையை விட்டு உள்ளே துள்ளுகிற விராலைப் பிடிப்பார்கள். பிடித்த மீனை விற்கக் கூடாது. எல்லார் வீட்டிலும் அன்று மீன் குழம்பு. கம்மாயில் இறங்க முடியாத கிழவிக்கும் ஒரு பங்கு போய்ச் சேரும். இப்படி ஊர் கூடி மீன் பிடித்தால் அந்த ஆண்டு மழை தவறாது என்பது நம்பிக்கை. "ஊருக்கெல்லாம் ஒரே நாளுதாண்டா மீனு. முந்தின நாள் தூண்டி போட்டவன் ஊருக்குத் துரோகி" என்று தாத்தா சொன்னதாக அப்பா சொல்வார்.

டே ஆற்றின் விஸ்கிக்கும் மேலூர்க் கம்மாயின் வெள்ளைத் துண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே அறம். பொறுத்திருந்தவர்களுக்கே அந்த நாளின் மகிழ்ச்சி. கோணலாற்றில் அந்த அறத்தின் பாதிதான் வந்து சேர்ந்தது. துரைமார் மீனுக்குப் பருவம் பார்த்தார்கள். சுமை தூக்கிய மனிதருக்கு அந்தப் பருவத்தில் இடம் வைக்கவில்லை. கம்மாய் அந்த இடத்தை வைத்திருந்தது.

இரண்டுக்கும் நடுவே ஆதரவற்றுப் போனவை நம் மலையாறுகளின் சொந்த மீன்கள். மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளின் பெருமை மகாசீர், கெண்டைக் குடும்பத்து மீன். மதராஸ் ராஜதானியில் அதிகாரியாக இருந்த எச்.எஸ். தாமஸ் 1873இல் இந்தியத் தூண்டில் மீன்களைப் பற்றி எழுதிய நூலில், எடைக்கு எடை பார்த்தால் சால்மனைவிட மகாசீருக்கே போர்க்குணம் அதிகம் என்று சொன்னார். 1946இல் மைசூர்ப் பக்கம் கபினி ஆற்றில் 120 பவுண்டு எடையுள்ள மகாசீர் தூண்டிலில் அகப்பட்டது. காவிரிக்கே உரிய திமில் மகாசீர் இன்று அழிவின் விளிம்பில் இருக்கும் இனங்களின் பட்டியலில் நிற்கிறது. வெடி வைத்தும் நஞ்சு கலந்தும் மீன் பிடிப்பதை 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டமே தடுத்தது. அன்று அதற்குத் தண்டனை 2 மாதம் வரை சிறை அல்லது 200 ரூபாய் வரை அபராதம். சட்டம் வந்தும் தோட்டா ஓயவில்லை. தோட்டா வெடித்தால் பெரிய மீனோடு குஞ்சும் முட்டையும் சேர்ந்தே போகும். பிறகு அணைகள் வந்தன. பரம்பிக்குளம் - ஆழியாறு திட்டம் கொங்குச் சமவெளியின் வயிற்றை நிறைத்தது. அதை நன்றியோடுதான் சொல்கிறேன். ஆனால் அணைச் சுவரை ஏறி எந்த மீனும் மேலே போக முடியாது.

தென்மேற்குப் பருவமழை இறங்கியதும் புதுத்தண்ணீரை எதிர்த்து மீன் ஏறும். வயிறு நிறைய முட்டையோடு, ஆழம் குறைந்த கல்படுகைகளைத் தேடி ஏறும். நம் கூழாங்கல் ஆறும் நடுமலையாறும் இப்படிப்பட்ட படுகைகளைக் கொண்டவை. பிடிக்க எளிதான நேரமும் அதுதான், பிடிக்கவே கூடாத நேரமும் அதுதான். எஸ்டேட் பள்ளியில் பாடம் நடத்திய காலம் முழுக்க, ஆனி மாதத்தில் பிள்ளைகள் கொசுவலையோடு ஓடைக்கு ஓடுவதைக் கண்டிருக்கிறேன். அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். காத்திரு என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

சொன்னால் கேட்பார்கள் என்பதற்குக் கடற்கரையே சாட்சி. தமிழகத்தின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. அந்த நாட்களில் வலை பின்னி, படகுக்கு வண்ணம் பூசி, தடை முடிந்ததும் பூசை போட்டுக் கிளம்புகிறார்கள். காடு காடாகவே இருக்கும் இடங்களில் வனத்துறை மீனையும் காக்கிறது. புல்மலை 2012இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. அங்கே தூண்டிலுக்கு இனி வேலையில்லை, அதுவே சரி. நான் கேட்பது தோட்டங்களுக்கும் லைன் வீடுகளுக்கும் நடுவே ஓடும் ஆறுகளுக்காக. வைகாசி முடிவிலிருந்து ஆடிப்பெருக்கு வரை அவற்றில் யாரும் வலை போடக் கூடாது என்று வால்பாறை தனக்குத்தானே ஒரு கட்டுப்பாடு விதிக்கட்டும். ஆடி 18க்கு மறுநாள் ஊரே ஆற்றுக்கு இறங்கி, தொழிலாளியும் மேலாளரும் ஒரே கரையில் நின்று, பிடித்ததைப் பகிர்ந்து உண்ணட்டும். துரைமாரின் பருவ ஒழுக்கமும் எங்கள் தாத்தாவின் ஊர்ப் பங்கும் சேர்ந்த அப்படி ஒரு திருநாளை இந்த மலை இதுவரை கண்டதில்லை. இங்கே மூன்று தலைமுறையாக உழைத்தவர்களுக்கு அதைத் தொடங்கும் உரிமையும் இருக்கிறது, கடமையும் இருக்கிறது.